மகாராஜா லேலா: ஒரு பட்டம் வினைச்சொல்லான கதை

மலாய் நாளிதழ் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு 'பெர்மகாராஜாலேலா' என்ற வினைச்சொல் புதிதல்ல. லஞ்சம் பெர்மகாராஜாலேலா, வட்டி முதலைகள் பெர்மகாராஜாலேலா, குண்டர் கும்பல் பெர்மகாராஜாலேலா. எது கேட்பாரற்று, கட்டுக்கடங்காமல் நடக்கிறதோ அதற்கெல்லாம் இந்த ஒரு சொல் போதும். அதே செய்தியை நம் தமிழ்ப் பத்திரிகைகள் 'தலைவிரித்தாடுகிறது' என்று போடும்.

பேராவில் பள்ளி படித்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். அவர்கள் வரலாற்றுப் பாடத்தில் சந்தித்த மகாராஜா லேலா, ஆங்கிலேயரை எதிர்த்துத் தூக்குமேடை ஏறியவர். 1875 நவம்பர் 2 அன்று, பேராவின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பிர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட நிகழ்ச்சியின் நாயகர். தேர்வுத்தாளில் எழுதினால் அது வீரன் பெயர். செய்தித்தாளில் வந்தால் அராஜகம். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

இதற்கு ஒரு தயார் பதில் புழக்கத்தில் உண்டு. எல்லாம் வெள்ளைக்காரன் வேலை. தன்னை எதிர்த்தவன் பெயரையே வசைச்சொல்லாக மாற்றி அகராதியில் ஏற்றிவிட்டான் என்பார்கள். கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று கம்பெனிக்காரர்கள் எழுதி வைத்ததை அறிந்த தமிழர்களுக்கு இந்த விளக்கம் சட்டென்று பிடித்துப்போகும். எனக்கும் பிடிக்கிறது, ஆனால் நம்ப முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

மகாராஜா லேலா என்பது அந்த மனிதரின் பெயரே இல்லை. அது ஒரு பட்டம். பேரா சுல்தானுக்குக் கீழே பெருந்தலைவர்கள் நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று அடுக்கடுக்காக இருந்தார்கள். அந்த எண்மரில் ஒருவர் மகாராஜா லேலா. பேரா ஆற்றங்கரையில் உள்ள பாசிர் சாலாக் அவருடைய இடம். 1875-இல் அந்தப் பட்டத்தைச் சுமந்தவரின் பெயர் பண்டாக் லாம். 'பண்டாக்' என்றால் குட்டை. பேரா மலாய்க் குடும்பங்களில் பிறந்த வரிசைப்படி பிள்ளைகளுக்கு வழங்கும் செல்லப் பெயர்களில் அதுவும் ஒன்று. லோங் மூத்தவர், ஙா நடுவிலவர், இப்படிப் போகும். லாரூட்டின் ஈய வளத்தைக் கையில் வைத்திருந்த மந்திரி ஙா இப்ராகிமும் இந்தக் கணக்கில் வீட்டுக்கு நடுவிலவர்தான். நம் வீடுகளில் பெரியவன், நடுவுலவன், கடைக்குட்டி என்று கூப்பிடுவது ஊர்ப் பெயராகவே நிலைத்துவிடுவதில்லையா, அப்படி.

ஆக, பட்டத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'மகாராஜா'வில் சிக்கல் இல்லை. 'லேலா'வில்தான் எல்லாம் இருக்கிறது.

மலாயில் லேலா என்ற ஒலியில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று, படகிலும் கோட்டையிலும் பொருத்திச் சுழற்றிச் சுடும் சிறு பீரங்கி. பாசிர் சாலாக்கில் இன்றுள்ள வரலாற்று வளாகத்துக்குப் போய்வருபவர்களுக்கு, 'பீரங்கி மகாராஜா' என்று முடிச்சுப் போட ஆசை வரும். போட வேண்டாம். பட்டங்களில் வரும் லேலா வேறு. அது சமஸ்கிருத 'லீலா'. மலாய்ச் செய்யுள் வழக்கில் இதற்கு ஒயில், நளினம், அசைந்தாடும் நடை என்று பொருள். நெடில் ஈகாரம் ஏகாரமானது எப்படி என்று கேட்பவர்கள் ஜாவி எழுத்தைப் பார்க்கலாம். அங்கே 'யா' என்ற ஒரே எழுத்து இகரத்துக்கும் ஏகாரத்துக்கும் பொதுவாக நிற்கும். வாயில் எப்படி வருகிறதோ அப்படிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். அதே காரணத்தால்தான் இதை அரபு மொழியின் 'லைலா'வோடு குழப்பிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். தமிழில் சில இடங்களில் 'மகாராஜா லைலா' என்று அச்சாகிவிடுகிறது. மஜ்னுவின் காதலிக்கும் பேராவின் பிரபுவுக்கும் எந்த உறவும் இல்லை.

லேலா பேராவின் தனிச் சொத்தும் அல்ல. நெகிரி செம்பிலானின் ரெம்பாவில் உண்டாங் என்னும் ஆட்சித் தலைவர் பதவி இரண்டு வழியினரிடையே மாறி மாறிப் போகும். அதில் ஒரு வழிக்கு உரிய பட்டம் 'லேலா மகாராஜா'. இரு சொற்களும் இடம் மாறி நிற்கின்றன, அவ்வளவுதான். கடலுக்கு அப்பால் ஆச்சேயில், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரியணை ஏறிய பூகிஸ் வழிவந்த சுல்தான் ஒருவர், அதற்கு முன் 'மகாராஜா லேலா மெலாயு' என்ற பட்டத்தோடு இருந்தவர். பேராவின் முதல் மகாராஜா லேலாவும் ஒரு பூகிஸ் வீரர் என்றே மரபு சொல்கிறது. எதற்கெடுத்தாலும் ராஜேந்திர சோழனை இழுத்துவரும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அவருக்கு வேலை இல்லை. வடமொழிப் பட்டங்கள் மலாய் அரசவைகளில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கி, வேர்விட்டு, மலாயாகவே ஆகிவிட்டவை.

லீலை தமிழுக்கு நெருங்கிய சொல். கடவுள் செய்தால் திருவிளையாடல். கண்ணன் செய்தால் லீலை. பக்கத்து வீட்டுக்காரர் செய்தால் 'அவர் லீலைகள்' என்று உதட்டைச் சுழிப்போம். மேலிருந்து கீழே வரவர மரியாதை குறைகிறது. ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரே கருத்து ஓடுகிறது: விளையாட்டுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆண்டவன் ஏன் படைத்தான், ஏன் அழித்தான் என்று கேட்டால் 'அது அவன் விளையாட்டு' என்று நம் பெரியவர்கள் வாயை அடைப்பது இதனால்தான். லீலை செய்பவன் கணக்குக் காட்ட வேண்டியவன் அல்லன்.

இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேராவின் பட்டத்தைப் பாருங்கள். மகாராஜா லேலாவுக்கு உரியதாக மரபு சொல்லும் சிறப்பு அதிகாரம் என்ன தெரியுமா? சுல்தானைக் கேட்காமலே தலையை வெட்டலாம். அவருடைய அடையாளம் வாள். மற்றத் தலைவர்கள் அரசன் பெயரில் தண்டிக்க முன் அனுமதி கேட்க வேண்டிய இடத்தில், இவர் கேட்க வேண்டியதில்லை. அரசனின் விளையாட்டை அரசன் அல்லாத ஒருவர் ஆடுவதற்கான உரிமம் இது. பட்டம் வைத்தவர்கள் இவ்வளவு தத்துவம் யோசித்தார்களா என்றால், யோசித்திருக்க மாட்டார்கள். 'ஒயில் மிக்க மகாராஜா' என்ற அலங்காரத்தோடு அவர்கள் நின்றிருக்கலாம். ஆனால் ஊர்மக்கள் பட்டத்தின் இலக்கணத்தைப் பார்ப்பதில்லை, பட்டக்காரர் என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்கிறார்கள். கேட்காமல் வெட்டுபவரின் பெயரோடு 'பெர்' என்ற முன்னொட்டைச் சேர்த்தால், 'கேட்பாரின்றி நடந்துகொள்வது' என்ற வினை கிடைத்துவிடுகிறது. பண்டாக் லாம் பிறக்கும் முன்பே இது நடந்திருக்கக் கூடும் என்பது என் கணிப்பு.

அதற்கு ஒரு துணைச் சான்று இந்தோனேசியாவில் இருக்கிறது. அங்கே இதே பொருளில் அன்றாடம் புழங்கும் சொல் 'மெராஜாலேலா'. மகா உதிர்ந்து ராஜா லேலா மட்டும் மிஞ்சிய வடிவம். ஜாவாத் தீவில் டச்சுக்காரன் ஆட்சியின் கீழ் இருந்தவர்களுக்கு, பேரா ஆற்றங்கரையில் கொல்லப்பட்ட ஓர் ஆங்கில அதிகாரியைப் பற்றி என்ன அக்கறை? பிரிட்டிஷார் இட்ட வசை என்றால் அது நீரிணையைக் கடந்து, இன்னொரு வல்லரசின் பிரஜைகள் வாயில், வேறு வடிவத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பட்டம் பரவியிருந்த நிலப்பரப்பு முழுவதும் வினையும் பரவியிருக்கிறது. அதனால்தான் வெள்ளைக்காரனுக்கு இந்தப் பழியை என்னால் சுமத்த முடியவில்லை. அவன் கணக்கில் சுமத்த வேறு எத்தனையோ இருக்கின்றன.

இனி 1875. பட்டமும் மனிதரும் மோதிக்கொண்ட ஆண்டு அது.

1874 ஜனவரி 20 அன்று பங்கோர் தீவில் பிரிட்டிஷாருடன் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அப்துல்லா பேராவின் சுல்தான் ஆனார். பதிலுக்கு ஒரு ரெசிடென்ட்டை ஏற்றுக்கொண்டார். மதமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் ரெசிடென்ட்டின் ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. வந்தவர் பிர்ச். இலங்கையில் 1846 முதல் ஏறக்குறைய கால் நூற்றாண்டு வேலை பார்த்தவர். மலாய் சரியாகத் தெரியாது. பொறுமை அதைவிடக் குறைவு. தலைவர்கள் ஆற்றுத்துறைகளில் வசூலித்துவந்த வரிகளைப் பறித்தார். கடனுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், தப்பி ஓடிவந்தால் அடைக்கலம் கொடுத்தார். பின்னதை நான் அவர் பக்கத்தில்தான் எழுதுவேன். ஆனால் கடனடிமையை ஒழிக்க வந்த அதே ஆட்சி, அடுத்த தலைமுறையில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து முன்பணக் கடனில் கட்டி ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அந்த முறை மலாயாவில் 1910-இல்தான் ஒழிந்தது. இதையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

பிர்ச்சை ஒழிப்பதற்கு அரசவையில் முதலில் எடுத்த ஆயுதம் மந்திரம். இது கற்பனைக் கதை இல்லை. கொலைக்குப் பிறகு நடந்த அரசாங்க விசாரணையில் சாட்சியமாகவே பதிவானது. அப்துல்லா ஆவிகளை வரவழைக்கும் 'பெர்ஹந்து' சடங்கு நடத்தினார். சுல்தான் மீதே ஆவி இறங்கியது. மாவால் பிர்ச்சின் உருவம் செய்து குத்தினார்கள் என்பது அந்தச் சாட்சியத்தின் சாரம். பேராவில் இது பின்வாசல் வேலையும் அல்ல. அரசு மந்திரவாதி என்ற பதவி அங்கே அதிகாரபூர்வமாக இருந்தது. அவருடைய பட்டமே 'சுல்தான் மூடா', இளைய சுல்தான். பழைய மலாய் மந்திரங்களில் அல்லாவின் பெயரும் நபியின் பெயரும் வரும் அதே மூச்சில் 'படாரா குரு' என்று சிவனையும் கூப்பிடுவார்கள். நம் கல்வெட்டுகளில் கடவுளரைக் குறிக்கும் 'படாரர்'தான் அந்தப் படாரா.

இந்த மாதிரிக் கதைகளை இன்று உலகம் முழுக்க நாவலாகப் படிக்கிறார்கள். ஆர். எஃப். குவாங்கின் 'தி பாப்பி வார்' முத்தொகுதியில் நடுநூலான 'தி டிராகன் ரிபப்ளிக்' 2019-இல் வந்தது. நெருப்புத் தெய்வத்தை உடலில் இறக்கும் ஒரு பெண், துப்பாக்கியும் மதபோதகரும் தாங்கி வரும் மேற்கத்திய வல்லரசு, அவள் சக்தியை ஆராய்ச்சிப் பொருளாகப் பார்க்கும் அந்நியர்கள் என்று போகும். நல்ல நாவல்தான். ஆனால் பேராவின் விசாரணைச் சாட்சியத்தைப் படித்தவருக்கு நாவலாசிரியர்கள் பெரிதாக ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை என்றுதான் தோன்றும். நாவலில் மந்திரம் பலிக்கிறது, அது ஒன்றுதான் வித்தியாசம். பேராவில் மாவுருவம் குத்துப்பட்ட பிறகும் பிர்ச் தம் படகில் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்.

ஜூலையில் டுரியான் செபாத்தாங்கில் தலைவர்கள் கூடினார்கள். பிர்ச்சை முடிப்பது என்று பேசி, அந்தப் பொறுப்பு மகாராஜா லேலாவிடம் வந்தது. கவனியுங்கள்: கேட்காமல் வெட்டும் அதிகாரம் உள்ளவர், இந்த ஒரு முறை எல்லோரும் கூடி முடிவெடுத்த பிறகே வெட்டப் போகிறார். அகராதி சொல்லும் பொருளில் பண்டாக் லாம் 'பெர்மகாராஜாலேலா' செய்யவே இல்லை. கேட்காமல் வரி போட்டவர், கேட்காமல் அறிவிப்பு ஒட்டியவர், எவர் சபையையும் மதிக்காதவர் பிர்ச். வினைச்சொல்லுக்குச் சரியான எழுவாய் அவர்தான்.

நவம்பர் 1 இரவு பிர்ச்சின் படகு பாசிர் சாலாக் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை, ஆட்சி நிர்வாகம் இனி பிரிட்டிஷ் அதிகாரிகள் கையில் என்ற அறிவிப்பை அவருடைய மொழிபெயர்ப்பாளர் ஒரு சீனப் பொற்கொல்லரின் கடையில் ஒட்டினார். பண்டாக் இண்டுட் என்பவர் அதைக் கிழித்தார். திரும்ப ஒட்டினார்கள். பிர்ச் அந்த நேரத்தில் ஆற்றில் மிதந்த ஓலைத் தட்டி மறைப்புக் குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தார். தட்டியின் ஊடாக ஈட்டிகள் பாய்ந்தன. செப்புந்தும் என்பவருடைய ஈட்டியும் அவற்றில் ஒன்று.

பிறகு நடந்தது வழக்கமான கதை. இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் பட்டாளம் வந்தது, கூர்க்காக்களும் வந்தார்கள். 1876-இல் மகாராஜா லேலா சரணடைந்தார். மாத்தாங்கில், ஙா இப்ராகிமின் கோட்டை வீட்டில் விசாரணை. 1877 ஜனவரி 20 அன்று மகாராஜா லேலா, இன்னொரு தலைவரான டத்தோ சாகோர், பண்டாக் இண்டுட் மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். பங்கோர் கையெழுத்தாகி அன்றோடு சரியாக மூன்று ஆண்டுகள்.

சுல்தான் அப்துல்லாவையும் உடந்தை என்று சொல்லிச் செஷல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். கூடப் போனவர்களின் பட்டங்களைத் தமிழ்க் காதோடு கேட்டுப் பாருங்கள்: லக்சமணா, மந்திரி, ஷாபண்டார். கடற்படைத் தலைவருக்கு மலாய் அரசவைகள் கொடுத்த பட்டம், அண்ணனுக்காகக் காட்டுக்குப் போன இலக்குவனின் பெயர். அந்த லக்சமணாவும் தன் அரசனோடு நாடு கடந்து போனார். செஷல்ஸில் சுல்தானின் குடும்பம் கேட்ட ஒரு பாட்டின் மெட்டுத்தான் முதலில் பேரா மாநிலப் பண்ணாகி, பிறகு தேசியப் பண்ணான 'நெகாராகூ' ஆனது என்று சொல்வார்கள்.

நமக்கு முக்கியமான சங்கதி இதே 1877-இல்தான் இருக்கிறது. மூவரைத் தூக்கிலிட்ட ஆண்டிலேயே, பிரேசில் விதையில் முளைத்து வந்த ரப்பர்க் கன்றுகள் மலாயா மண்ணில் இறங்கின. அந்த ஆண்டில் ரெசிடென்ட்டாக வந்த ஹியூ லோ அவற்றில் ஒன்பதைக் கோலாகங்சாரில் நட்டார். அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. எதிர்த்த தலைவர்கள் நீங்கிய பிறகுதான் நிலம் அளக்கப்பட்டு, பட்டா போடப்பட்டு, பால்மரக் காடாக மாறியது. லயமும் பெரட்டும் கங்காணியும் துரையும் வந்தது அதற்குப் பிறகுதான். தமிழர் பேராவுக்கு வந்த கதையின் முதல் அத்தியாயம் பாசிர் சாலாக் குளியலறையில் இருக்கிறது என்றால் அது மிகையில்லை. தோட்டத்துப் பள்ளிகளில் இந்தப் பாடத்தை 'அவர்கள் வரலாறு' என்று நினைத்து மனப்பாடம் செய்த தலைமுறைகள் உண்டு. அது நம் வரலாறும்தான். கேட்காமல் அடிக்கவும் சீட்டுக் கிழிக்கவும் அதிகாரம் பெற்றிருந்த ஒருவரை நம் பாட்டன்மார் தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் பார்த்தார்கள். அவரை அவர்கள் மகாராஜா லேலா என்று கூப்பிடவில்லை, துரை என்றார்கள்.

பெயர்களின் சண்டை அதன் பிறகும் ஓயவில்லை. பிர்ச்சின் மகன் எர்னஸ்ட் பிர்ச் பேராவின் ரெசிடென்ட்டாக இருந்தபோது, 1909-இல் ஈப்போவில் அப்பாவின் நினைவாக ஒரு மணிக்கூண்டு எழுந்தது. மாநிலப் பள்ளிவாசலுக்கு எதிரே இன்றும் அது நிற்கிறது. புத்தர், மோசஸ், கன்பூசியஸ், ஷேக்ஸ்பியர், டார்வின் என்று உலக நாகரிகமே சுற்றுச்சுவரில் ஊர்வலம் போகும். ஈட்டிக்கு இரையான அதிகாரிக்கு இவர்களெல்லாம் சாட்சியாம். விடுதலைக்குப் பிறகு அதை இடிக்காமல் விட்டார்கள். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் டத்தோ சாகோர் என்று பெயர் வைத்தார்கள். இடிப்பதைவிட இது கெட்டிக்காரத்தனம். கோலாலம்பூரில் பிர்ச் சாலை, ஜாலான் மகாராஜாலேலா ஆனது. 2003-இல் ஓடத் தொடங்கிய மோனோரயிலில் அதே பெயரில் ஒரு நிலையம். 2017-இல் அரச மலேசியக் கடற்படைக்காக ஒரு போர்க்கப்பல் நீரில் இறங்கியது. அதற்கும் மகாராஜா லேலா என்றே பெயர். ஆறு கப்பல்கள் என்று பேசிய அந்தத் திட்டத்துக்கு 600 கோடி ரிங்கிட் கொடுத்தும் ஒரு கப்பலும் கைக்கு வரவில்லை என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022-இல் அறிக்கை வைத்தது. அன்று மலாய்ப் பத்திரிகைகள் இந்த வினைச்சொல்லைத் தொடத் தயங்கியிருந்தால் அது இயல்பே.

2011-இல் நாட்டில் பெரிய விவாதம் ஒன்று எழுந்தது: மலாயா உண்மையில் காலனியாக இருந்ததா, இல்லை வெறும் 'பாதுகாப்பு'க்கு உட்பட்ட நாடா என்று. சட்டப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் பேரா கடைசிவரை சுல்தானின் நாடுதான். ஆனால் ஆலோசனையைக் கேட்டே தீர வேண்டும் என்றால் அதற்கு ஆலோசனை என்று பெயரில்லை. பண்டாக் லாமுக்கு அது 1875-லேயே விளங்கிவிட்டது.

தமிழில் இந்த வரலாற்றை எழுதும் ஆசிரியர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'லைலா' என்று எழுதாதீர்கள். லேலா, அது நம் லீலை. கட்டுரையில் ஓரிடத்திலாவது பண்டாக் லாம் என்று எழுதுங்கள். பட்டத்தை அவருக்கு முன்னும் பலர் சுமந்தார்கள். மாத்தாங்கில் தூக்கிலிடப்பட்டவர் பண்டாக் லாம்.